ஆபீஸ் நடைப் போட்டி: டெல்டா ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐந்தாறு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, நான்கு வாரம் தினமும் நடந்த கணக்கைப் பதிந்து, மற்றக் குழுக்களோடு போட்டி போடுகிறோம். எங்கள் அலுவலகத்தில் இதற்கு 'டீம் வாக்கிங் சேலஞ்ச்' என்று பெயர். தஞ்சாவூரில் தலைமை அலுவலகம்; கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினத்தில் கிளைகள். ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு கிளையிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு அலுவலகங்களில் இதை ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கும் உதவும்.

இதுவரை நடக்காதவர் நடக்க ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தவர் பாதியில் நிற்கக் கூடாது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த ஒன்றை மனதில் வைத்து எழுதியவை.

இதை ஏன் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது 10 கோடிப் பேருக்கு, சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் விகிதம் அதைவிட அதிகம். அதே ஆய்வுத் திட்டம் 2014-இல் வெளியிட்ட இன்னொரு கணக்கில், தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் விசாரித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். மூன்று வேளையும் அரிசிச் சாதமும் இட்லியும் சாப்பிடும் ஊர் நம்முடையது. வயலில் இறங்கி உழைத்த தலைமுறைக்கு அந்தச் சாப்பாடு சரியாக இருந்தது. நாம் அதே சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்.

தினமும் 10,000 ஸ்டெப் நடந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். அந்த எண் மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்னது கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு வருடம், 1965-இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஸ்டெப் எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'மான்போ-கெய்' என்ற அதன் பெயரிலேயே பத்தாயிரம் என்ற எண் இருந்தது. விற்பனைக்காக வைத்த எண் உலகம் முழுக்கப் பரவி, இன்று நம் போனுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது.

2019-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, சராசரி வயது 72 உள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்தது. நாளைக்கு 2,700 ஸ்டெப் வாக்கில் நடந்தவர்களைவிட, 4,400 வாக்கில் நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. ஸ்டெப் கூடக் கூடப் பலனும் கூடியது. 7,500-ஐ ஒட்டி அதற்குமேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டுக் கணக்கு, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000, அதற்குக் குறைந்த வயதினருக்கு 8,000 முதல் 10,000 வரை பலன் ஏறிக்கொண்டே போய் நிற்கிறது என்று காட்டியது.

உலக சுகாதார நிறுவனம் ஸ்டெப் கணக்கே சொல்வதில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி என்பது அதன் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டல். ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது.

எனவே இப்போது 3,000 நடக்கிறவருக்கு 5,000 நல்ல இலக்கு. அவரிடம் போய் பத்தாயிரம் என்று சொன்னால், இரண்டு நாள் நடப்பார், மூன்றாம் நாள் முழங்கால் வலிக்கிறது என்று நின்றுவிடுவார்.

அதிகம் நடந்த குழு ஜெயிக்கும், அவ்வளவுதானே?

அப்படி வைத்தால் போட்டி முதல் வாரத்திலேயே முடிந்த மாதிரிதான். ஒவ்வொரு கிளையிலும் விடியற்காலையில் எழுந்து எட்டு, பத்து கிலோமீட்டர் நடக்கிற ஒருவராவது இருப்பார். அவர் இருக்கும் குழு முதல் நாளே மேலே போய்விடும். 'இவங்களை எங்க பிடிக்கிறது' என்று மற்றவர்கள் கைவிடுவார்கள். யாருக்காகப் போட்டி வைத்தோமோ அவர்களே வெளியே போய்விடுவார்கள்.

நாங்கள் செய்வது இதுதான். போட்டிக்கு முந்தைய வாரம் எல்லோரையும் வழக்கம்போல இருக்கச் சொல்லி, ஏழு நாள் சராசரியைக் குறித்துக்கொள்கிறோம். இதுதான் ஆரம்ப வாரக் கணக்கு. அதற்குமேல் நடப்பது மட்டும் புள்ளியில் சேரும். நாளைக்கு அதிகபட்சம் 3,000 கூடுதல் ஸ்டெப்தான் கணக்கு. 3,000-இலிருந்து 5,000-க்கு வந்தவருக்கு 2,000 புள்ளி. 9,000-இலிருந்து 9,500-க்குப் போனவருக்கு 500. உச்சவரம்பு இருப்பதால், ஐந்து நாள் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக நடந்து காலைக் கெடுத்துக்கொள்பவர்களும் இல்லை.

'ஏற்கெனவே நன்றாக நடக்கிற எனக்கு இது அநியாயம் இல்லையா' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அவர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறோம்: குழுவில் குறைவாக நடக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் நடந்தால், இருவருக்கும் தலா 500 கூடுதல் புள்ளி. கிளைகளில் அதிகம் பலன் தந்த விதி இதுதான் என்று நினைக்கிறேன். தனியாக நடந்து பழகிய பெரியவர்கள் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களை அழைத்துப் போகிறார்கள்.

வெறும் எண்ணாகப் பார்த்தால் சலிப்பாக இருக்கிறதே?

எண்ணை ஊராக மாற்றுங்கள். நம் பகுதிக்குச் சொந்தமான ஒரு நடை இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், திருத்துறைப்பூண்டி வழியாக ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். ஏப்ரல் 30 அன்று தடையை மீறி உப்பு அள்ளினார்கள். வழியில் அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தவர்களைக் கைது செய்வதாக அரசு மிரட்டியும் டெல்டா மக்கள் கொடுத்தார்கள்.

இந்த வழியைத்தான் நாங்கள் போட்டிக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். கிலோமீட்டருக்குச் சுமார் 1,400 ஸ்டெப் என்று வைத்தால், 240 கிலோமீட்டருக்கு 3,36,000. ஆறு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவரும் தினமும் 2,000 ஸ்டெப் கூடுதலாக நடந்தால் நாளைக்கு 12,000. சரியாக 28 நாளில் வேதாரண்யம்! நான்கு வாரப் போட்டிக்கு இதைவிடப் பொருத்தமான தூரம் கிடைக்காது.

வருகைப் பதிவேடு இருக்கும் மேசைக்கு மேலே டெல்டா வரைபடம் ஒன்றை மாட்டி, குழுவுக்கு ஒரு நிறத்தில் குண்டூசி குத்துங்கள். காலையில் கையெழுத்துப் போட வருபவர்கள் தானாக நிமிர்ந்து பார்ப்பார்கள். 'பாபநாசம் தாண்டிட்டோம், இன்னிக்கு சாயங்காலம் கும்பகோணம்' என்று பேச்சு ஆரம்பித்துவிடும். போனில் வரும் பட்டியலுக்கு இந்தச் சக்தி கிடையாது.

ஒரு குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?

ஐந்து அல்லது ஆறு. திருவாரூர் ஆழித்தேர் வடம் பிடித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: வடத்தில் கை வைத்திருப்பவர்கள் எல்லோரும் முழு பலத்தோடு இழுக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் இதைக் கயிறு இழுக்க வைத்தே அளந்து 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவர் பங்கும் தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிட்டது. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காதது ஒரு காரணம். 'நம்ம இழுக்காட்டி என்ன' என்ற எண்ணம் இன்னொரு காரணம். 20 பேர் குழுவில் ஒருவர் நடக்காமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆறு பேரில் ஒருவர் விட்டால் அன்று மாலையே தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1920-களில் ஜெர்மானிய உளவியலாளர் கோலர், பெர்லின் படகோட்டிகளை வைத்துப் பார்த்தபோது, தன்னால் குழு தோற்றுவிடும் என்ற நிலையில் பலம் குறைந்தவர் தனியாகச் செய்வதைவிட அதிகம் தாக்குப்பிடித்தார். ஜோடியில் இருவரின் பலத்துக்கும் இடையிலான வித்தியாசம் மிதமாக இருந்தபோதுதான் இது நன்றாக வேலை செய்தது. மிக அதிகமாக இருந்தால் பலன் குறைந்தது. அதனால் குழுவைப் பிரிக்கும்போது ஓட்டப்பந்தய வீரரையும் முழங்கால் வலிக்காரரையும் ஜோடியாகப் போடாதீர்கள்.

பிரிவு வாரியாகவும் பிரிக்க வேண்டாம். கணக்குப் பிரிவு எல்லாம் ஒரு குழு என்றால், மார்ச் மாதம் அந்தக் குழுவே காணாமல் போகும்.

போன் பாக்கெட்டில் இருந்தால்தான் எண்ணுகிறது. புடவையில் ஏது பாக்கெட்?

எனக்கு வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இது. பெண்கள் கேட்கும்வரை ஆண்கள் யாருக்கும் இது தோன்றவே இல்லை.

எங்கள் கிளை ஒன்றில் இருக்கும் அக்காவின் நாளைப் பாருங்கள். விடியற்காலை வாசல் தெளித்துக் கோலம் போடுவதிலிருந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன் கட்டிக் கொடுத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, பஸ் பிடிக்கும்வரை நின்ற இடத்தில் நிற்பதில்லை. அந்த நேரம் முழுக்கப் போன் சமையலறை அலமாரியில் சார்ஜில் கிடக்கிறது. அலுவலகத்தில் கவுண்டருக்கும் ரெக்கார்டு ரூமுக்கும் நடக்கும்போது அது டிராயரில் இருக்கிறது. ஆப் காட்டுவது பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளை வரை கைப்பையோடு நடந்ததை மட்டும். பக்கத்து மேசைக்காரர் சட்டைப் பையில் போனோடு டீ குடிக்கப் போய்வந்ததெல்லாம் கணக்கில் ஏறியிருக்கிறது. பட்டியலில் அக்கா கடைசி.

இதனால் நிமிடக் கணக்கையும் ஏற்றுக்கொள்கிறோம். சற்று வேகமான நடை என்பது நிமிடத்துக்குச் சுமார் 100 ஸ்டெப் என்பது ஆய்வுகளில் நிலைத்த அளவு. பத்து நிமிடம் நடந்தால் 1,000 என்று எழுதிக்கொள்ளலாம். கடிகாரம் பார்த்தால் போதும். வேகம் போதுமா என்று தெரிய ஒரு வழி: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

போனில்தான் எண்ண வேண்டும் என்பவர்கள் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளலாம். இடுப்பில் மாட்டும் சின்னக் கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன. நைட்டியோடு மொட்டைமாடியில் நடக்கும்போது கையில் பிடித்துக்கொண்டாலும் எண்ணும்.

வீட்டு வேலை, வயல் வேலை சேருமா?

மூச்சு கொஞ்சம் வாங்கும்படி தொடர்ந்து செய்த எந்த வேலையும் சேரும், நிமிடத்துக்கு 100 என்ற கணக்கில். வார விடுமுறையில் சொந்த வயலுக்குப் போய் வரப்பு வெட்டுகிறவர்கள், களை பறிக்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அது நிச்சயமாக உடற்பயிற்சிதான். ஆனால் வழக்கமாகச் செய்யும் வேலையென்றால் ஆரம்ப வாரக் கணக்கிலும் அதை எழுதியிருக்க வேண்டும்.

'வீட்டு வேலையே போதும், பொம்பளைங்களுக்கு எதுக்கு வாக்கிங்' என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாத்திரம் தேய்ப்பதும் துணி மடிப்பதும் களைப்பைத் தருகிறது. இதயத்துக்குத் தேவையான தொடர் வேகத்தை எப்போதும் தருவதில்லை. அதைவிட முக்கியம், அது அடுத்தவர்களுக்காகச் செய்யும் வேலை. நாளில் அரை மணி நேரம் தனக்கென்று எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டி வெளியே போக எல்லோருக்கும் உரிமை உண்டு. அந்த அரை மணி நேரம் அடுப்பை யார் பார்ப்பது என்பதை ஆண் ஊழியர்கள் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டும். கணவனும் மனைவியும் வெவ்வேறு நேரத்தில் நடந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எங்கே நடப்பது? எங்கள் தெருவில் நடைபாதையே இல்லை.

தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவும், புது ஆறு என்று நாம் சொல்லும் கல்லணைக் கால்வாயின் கரையும். கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றி. மன்னார்குடிக்காரர்களுக்கு ஹரித்ராநதி, 23 ஏக்கர் தெப்பக்குளம். நான்கு கரையையும் சுற்றி வந்தால் நல்ல நடை. திருவாரூரில் கமலாலயம். 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி' என்பார்கள். ஐந்து வேலி என்றால் சுமார் 33 ஏக்கர். அதைச் சதுரமாக வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு சுற்று ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர், 2,000 ஸ்டெப் சொச்சம். அதாவது ஒரு நாளுக்கான கூடுதல் இலக்கு கமலாலயத்தை ஒரே சுற்றில் முடிந்துவிடும்! நாகையில் கடற்கரை இருக்கிறது. மணலில் நடப்பது காலுக்கு அதிக உழைப்பு, புதியவர்கள் ஈர மணலில் நடக்கலாம்.

'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைப்பாதையை அரசு அறிவித்தது. உங்கள் மாவட்டத்தில் எந்தச் சாலை என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி தெரியும்படி நடக்கவும். வெளுப்பான உடை. காதில் இயர்போன் வேண்டாம். விடியற்காலையில் தெருநாய்த் தொல்லை இருப்பதால் இருவராகப் போவது நல்லது. மழைக்காலத்தில் வாய்க்கால் கரையில் டார்ச் இல்லாமல் நடக்கவே கூடாது. பாம்பு நடமாட்டம் அதிகம்.

கத்திரி வெயிலில் என்ன செய்வது? மழைக்காலத்தில்?

வெயில் நாளில் காலை ஏழு மணிக்குள், இல்லையென்றால் மாலை ஆறுக்கு மேல். நாகை, வேதாரண்யம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாமல் உடம்பிலேயே நிற்கும். உடல் சூடு இறங்காது. தலை சுற்றல், குமட்டல், வியர்வை திடீரென்று நின்றுபோவது ஆகியவை ஆபத்தான அறிகுறிகள். உடனே நிழலுக்கு வந்து, உடம்பை நனைத்து, உதவி கூப்பிட வேண்டும். உப்புப் போட்ட மோர் கையில் இருக்கட்டும். மே மாதம் போட்டியே வைக்காமல் இருப்பது உத்தமம்.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். நின்ற இடத்தில் கால் தூக்கி வைப்பது, மாடிப்படி, சூரிய நமஸ்காரம், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது எல்லாம் நிமிடக் கணக்கில் சேரும். புயல் எச்சரிக்கை நாட்களை நாங்கள் போட்டியிலிருந்து கழித்துவிடுகிறோம். கஜா புயலைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. காலையில் அரை மணி நேரம் நடந்தால் போதுமா?

நல்லதுதான், ஆனால் இடையிலும் எழுந்திருக்க வேண்டும். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் லண்டன் பஸ் ஊழியர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இந்தத் துறைக்கே அடித்தளம். ஒரே நிறுவனம், ஒரே பஸ். உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப் பஸ்ஸில் நாள் முழுக்கப் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது.

முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடங்கள். தண்ணீர் பாட்டிலைச் சிறியதாக வைத்துக்கொண்டால் நிரப்பவே எழுந்திருக்க வேண்டி வரும். மதியச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். சாதம் சாப்பிடும் நமக்கு நாளில் மிகப் பயனுள்ள பத்து நிமிடம் அது. மேலதிகாரி ஒருவர் எழுந்து நடந்தால் மற்றவர்களும் கூச்சமில்லாமல் எழுவார்கள்.

முதல் வாரம் உற்சாகமாக இருந்தோம். இப்போது பாதிப் பேர் காணோம். எப்படி மீட்பது?

ஆரம்ப சூரத்தனம் எல்லாக் குழுவிலும் உண்டு. பத்தாவது நாளிலிருந்து இரண்டாம் வாரக் கடைசி வரைதான் சரிவு வரும். அதை எதிர்பார்த்தே திட்டமிடுங்கள்.

முதலில், ஒரு நாள் விட்டுப்போனதைப் பெரிதாக்காதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் பழக்கமாக ஊறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. 'தொடர்ச்சி அறுந்துபோச்சு' என்று ஆப் காட்டும்போது நம்மவர்கள் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். அதனால் நாங்கள் வாரத்துக்கு ஐந்து நாள் இலக்கைத் தொட்டாலே முழு மதிப்பெண் கொடுக்கிறோம். கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் இரண்டு நாள் இடம் இருக்கிறது.

இரண்டாவது, நேரத்தையும் ஆளையும் கட்டிவையுங்கள். 'நாளைக்கு நடக்கணும்' என்பது நடக்காது. 'ஐந்தே முக்காலுக்கு மகாமகக் குளம் வடகரை, சாரோட' என்பது நடக்கும். எதிரே ஒருவர் காத்திருக்கிறார் என்ற எண்ணத்தைவிட வலுவான தூண்டுதலை நான் பார்த்ததில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று படுத்திருப்பவர்கூட, அடுத்தவர் வந்து நிற்பாரே என்று எழுந்துவிடுகிறார்.

மூன்றாவது, நடுவில் ஒரு புதுத் தொடக்கம் கொடுங்கள். இரண்டாம் வாரம் முடிந்ததும் குழுவாக ஒருநாள் எங்காவது போய் நடக்கலாம். விடியற்காலையில் கல்லணைக்குப் போய் அணையின் மேல் நடந்துவிட்டு, திரும்பும் வழியில் டிபன் சாப்பிட்டு வந்த கிளையில், விட்டுப்போயிருந்தவர்களும் திங்கட்கிழமை மறுபடி கணக்கு எழுத ஆரம்பித்தார்கள்.

குழுவில் ஒருவர் நடப்பதே இல்லை. அவரால் எல்லோருக்கும் புள்ளி குறைகிறது.

எல்லோர் முன்னும் கேட்காதீர்கள். கேப்டன் தனியாகப் போய், 'என்ன சார், உடம்பு சரியில்லையா' என்று விசாரிக்கட்டும். பெரும்பாலும் காரணம் இருக்கும்: வீட்டில் நோயாளி, இரவு கண்விழிப்பு, குதிகால் வலி, சில சமயம் நல்ல செருப்பு இல்லாதது. காரணம் தெரிந்தால் இலக்கைக் குறைத்துக் கொடுக்கலாம். 500 ஸ்டெப் கூடுதலாக நடந்தாலும் குண்டூசி நகரும். விலகிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் விட்டுவிட வேண்டும். மனக்கசப்பு இல்லாமல் விட்டால் அடுத்த முறை அவரே வருவார்.

வாட்ஸ்அப் குழுவிலும் இதே கவனம் தேவை. கடைசி இடத்தில் இருப்பவர் பெயரைப் போடுவது, 'தொப்பை' என்று கிண்டல் செய்வது, எடை பார்த்த படத்தைப் பகிர்வது எதுவும் கூடாது. எங்கள் குழுவில் முதல் மூன்று இடமும், 'நேற்றைவிட இன்று கூடியவர்கள்' பட்டியலும் மட்டும்தான் போடுகிறோம். யார் குறைவு என்பது கேப்டனுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

பரிசு வைக்கலாமா?

வைக்கலாம், பெரிய பரிசு வேண்டாம். பணம் பெரிதானால் பொய்க் கணக்கும் பெரிதாகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தினமும் இலக்கைத் தொட்டால் பணம் தருகிறோம் என்று சொன்னதைவிட, பணத்தை முதலிலேயே கணக்கில் வைத்துவிட்டு, தொடாத நாளுக்குக் கழித்துக்கொண்டது அதிகம் வேலை செய்தது. கையில் இருப்பதை இழக்க யாருக்கும் மனம் வராது. மாதத் தொடக்கத்தில் குழுவுக்கு முழுப் புள்ளியும் கொடுத்துவிட்டு, தவறும் நாளுக்குக் கழித்துப் பாருங்கள்.

எங்கள் பரிசு: ஜெயித்த குழுவுக்கு டிகிரி காபியோடு காலை டிபன். 28 நாளில் வேதாரண்யம் சேர்ந்த குழு எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் சான்றிதழ்.

சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி இருப்பவர்கள் சேரலாமா?

சேர வேண்டியவர்களே அவர்கள்தான். ஆனால் ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம்.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு வந்தால் உடனே நின்று சர்க்கரை அல்லது குளுக்கோஸ் வாயில் போட வேண்டும். பையில் நாலு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். கூட நடப்பவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கோயில் பிராகாரத்தில் நடப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். பத்து மணிக்கு மேல் சுடும் கருங்கல்லில் வெறுங்காலோடு மூன்று சுற்று வந்தால் கொப்புளம் போட்டது வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும். அது புண்ணாகி, ஆறாமல், விரலை எடுக்கும்வரை போகக்கூடியது. அவர்கள் பிராகாரத்தைக் காலைக் குளிர்ச்சியில் மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். மற்ற இடங்களில் மூடிய, மெத்தென்ற செருப்பு அல்லது ஷூ.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் என்றால் நடையை நிறுத்தி 108-ஐக் கூப்பிடுங்கள். வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம்.

எடை குறைப்பையும் போட்டியில் சேர்க்கலாமே?

கூடாது. எடைப் போட்டி என்றால் பட்டினி கிடப்பார்கள், பேதி மாத்திரை போடுவார்கள். நடையால் எடை மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் எடை குறையாவிட்டாலும் பிரஷர், சர்க்கரை, தூக்கம் எல்லாவற்றுக்கும் பலன் உண்டு. சாப்பாட்டில் ஒரே ஒரு யோசனை: நடந்துவிட்டு வந்த பெருமையில் இரண்டு வடை கூடுதலாக வேண்டாம்.

பொய்க் கணக்கு எழுதுபவர்களை என்ன செய்வது?

கரடுமுரடான ரோட்டில் பைக் ஓட்டினாலே சில போன்களில் ஸ்டெப் ஏறும். அது அவர் குற்றம் இல்லை. தெரிந்தே ஏமாற்றுபவர்கள் மிகச் சிலர். நாளைக்கு 3,000 உச்சவரம்பு இருப்பதால் அவர்களால் பெரிய கெடுதல் இல்லை. துப்பறிவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

எல்லோரும் கட்டாயம் சேர வேண்டும் என்று மேலாளர் உத்தரவு போடலாமா?

போடக் கூடாது. கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் தங்கள் உடல்நிலையை அலுவலகத்தில் விளக்க வேண்டிய நிலை வரவே கூடாது. சக்கர நாற்காலியில் இருப்பவர் கைப்பயிற்சியை நிமிடக் கணக்கில் சேர்க்கலாம். நடந்த கணக்கு எந்த மதிப்பீட்டிலும், பதவி உயர்விலும் சேராது என்று மேலாளர் முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. அவர் செய்யக்கூடிய பெரிய உதவி, மதியம் பத்து நிமிடம் யாரும் மீட்டிங் வைக்காமல் பார்த்துக்கொள்வது.

நான்கு வாரம் முடிந்த பிறகு? அடுத்த சுற்றை எப்போது வைக்கலாம்?

முடிந்த மறுநாளே நிற்கிறவர்கள் அதிகம். மேலே சொன்ன 66 நாள் கணக்கைப் பார்த்தால் நான்கு வாரம் போதாது. அதனால் போட்டி முடிந்ததும் புள்ளி, பட்டியல் எதுவும் இல்லாமல், ஜோடியாக நடப்பதை மட்டும் இன்னும் ஆறு வாரம் தொடரச் சொல்கிறோம். பிறகு அடுத்த சுற்று.

டெல்டாவில் காலம் பார்த்து வைக்க வேண்டும். வங்கி, நிதி நிறுவனங்களுக்குப் பொங்கல் முடிந்ததிலிருந்து பிப்ரவரி கடைசி வரை நல்ல நேரம். குளிர்ச்சியும் இருக்கும், மார்ச் நெருக்கடியும் வந்திருக்காது. கூட்டுறவு, வேளாண்மை, நெல் கொள்முதல் சம்பந்தப்பட்ட அலுவலகங்களுக்கு அது சம்பா அறுவடைக் காலம், மூச்சுவிட நேரம் இருக்காது. அவர்கள் ஆடியில் வைத்துக்கொள்ளலாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்த வருடமென்றால் அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கும், மாலையில் காற்றும் இருக்கும். தேதியை ஒரு மாதம் முன்பே அறிவித்து, ஆரம்ப வாரக் கணக்குப் படிவத்தை அப்போதே கையில் கொடுத்துவிடுங்கள். கேப்டன்களை மாற்றுங்கள், போன முறை கடைசியாக வந்த குழுவிலிருந்து ஒருவரையாவது இந்த முறை கேப்டனாகப் போடுங்கள்.